காட்டுப்புஷ்பமும் கார்த்திகைப் பூவும்

தியானப் பகுதி: மத்தேயு 6:25–34



2015ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் தேதி இரவை நம் சபையார் மறந்திருக்க மாட்டீர்கள். ஓயாத மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகள் மூழ்கின. அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு நான் முன்னரே ஆயத்தம் செய்திருந்த பகுதி, உடுப்பைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் போதித்த பகுதியாகும். அதை மாற்றாமல் அப்படியே பிரசங்கித்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஆற்றோரத்தில் குடியிருந்த ஒரு தாயார் என்னிடம் வந்தார். "ஐயா, பூவுக்கெல்லாம் உடுத்துகிறவர் எனக்கு மாற்றிக்கட்ட ஒரு புடவையையும் விட்டுவைக்கவில்லையே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே விடை தேடிக் கேட்டார். அவர் அப்போது உடுத்தியிருந்தது, மாடியில் அடைக்கலம் கொடுத்த இஸ்லாமியச் சகோதரி தந்த புடவை என்பதைப் பின்னர் அறிந்தேன். அன்று அவருக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. ஆண்டவர் பார்க்கச் சொன்ன பூவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதன்பின் தேடிப் படித்தவற்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆண்டவர் சுட்டிக்காட்டிய பூ எது? கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கிரினோன்'. ஆங்கில வேதாகமங்கள் பல அதை லில்லி என்கின்றன. நம் கைகளிலுள்ள தமிழ் வேதாகமமோ உன்னதப்பாட்டில் 'லீலிபுஷ்பம்' என்று எழுதிவிட்டு, மத்தேயுவிலும் லூக்காவிலும் 'காட்டுப்புஷ்பங்கள்' என்று பொதுப்பெயர் இட்டிருக்கிறது. எத்தனை நல்ல தெரிவு! காண முடியாத அயல்நாட்டுப் பூவை நினைத்து ஏங்காமல், நம் நிலத்தின் பூவையே பார்க்க அந்தச் சொல் நமக்கு வழிவிடுகிறது.

கலிலேயாவின் மலைச்சரிவுகளில் மழைக்குப் பின் பூக்கும் அனிமோனி, கிளாடியோலஸ், குரோக்கஸ் முதலியவற்றை அறிஞர் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். இவை எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. கடும் கோடைக்காலத்தில் தரைக்கு மேலே இவற்றின் சுவடே இராது. மண்ணுக்குள் ஒரு கிழங்கு மட்டும் உயிரோடு காத்திருக்கும். கிளாடியோலஸ், குரோக்கஸ் ஆகியவற்றின் கிழங்கைத் தாவரவியலார் கந்தம் என்பர். வனாந்தரம் மலரும் என்று ஏசாயா 35ஆம் அதிகாரம் உரைக்கும் இடத்தில் நம் வேதாகமம் பொதுவாகப் புஷ்பம் என்று சொல்ல, ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில குரோக்கஸ் என்றே பெயரிடுகின்றன. வறண்ட நிலத்தின் நம்பிக்கைக்குத் தீர்க்கதரிசி அடையாளமாகக் காட்டியது, மண்ணுக்கடியில் பொறுத்திருக்கத் தெரிந்த ஒரு செடியை என்று கொண்டால் அந்த வாக்கு இன்னும் ஆழப்படுகிறது.

இதே இயல்புடைய பூ நம்மிடமும் உண்டு. அதுவே செங்காந்தள், நம் தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிக் கூறும் பூக்களின் வரிசையில் முதலிடம் பெறுவது இதுவே. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு இதன் இதழை உவமை சொன்னார்கள். கார்த்திகை மாதத்தில் மலர்வதால் கார்த்திகைப் பூ என்றும், கிழங்கு கலப்பையைப் போல வளைந்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் மக்கள் பெயரிட்டனர். வடமொழிப் பெயராகிய இலாங்கலி என்பதும் கலப்பையையே குறிக்கிறது. புலவர் பூவைப் பார்த்தார். உழவர் கிழங்கைப் பார்த்தார்.

அந்தக் கொடியை நிதானமாகப் பாருங்கள். இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள புதரைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு இதழ்களும் பின்னோக்கி வளைந்து தீக்கொழுந்துபோல் மேலெழுகின்றன. மலரும்போது பசுமை கலந்த மஞ்சள், பின்பு செம்மஞ்சள், முடிவில் இரத்தச் சிவப்பு. ஒரே பூ சில நாட்களுக்குள் இத்தனை உடைகளை மாற்றுகிறது. மழைக்காலம் கழிந்தபின் கொடி காய்ந்து விழுந்துவிடும். ஆனால் அதற்குள் மண்ணுக்கடியில் வேறொன்று நடந்து முடிந்திருக்கும். பழைய கிழங்கு தன் சத்து முழுவதையும் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கி மடிகிறது. அதன் இடத்தில் புதிய கிழங்கு உருவாகி அடுத்த மழைக்குக் காத்திருக்கிறது. கோதுமை மணியைக் குறித்து யோவான் 12ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை நம் ஊர்ச் செடியும் ஆண்டுதோறும் மௌனமாகச் சொல்கிறது.

மத்தேயு 6:28இல் 'கவனித்துப்பாருங்கள்' என்று தமிழாக்கப்பட்ட கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை. நுணுகி ஆராய்ந்து கற்றுக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். இந்தக் கட்டளைக்கு உண்மையாகவே கீழ்ப்படிந்த ஊழியர் சிலர் நம் மண்ணில் வாழ்ந்திருக்கின்றனர்.

1768இல் தரங்கம்பாடி மிஷனுக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், தாவரங்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயசின் மாணவர். செங்காந்தளுக்கு 'குளோரியோசா சூப்பர்பா' என்று 1753இல் பெயர் சூட்டியவரும் அதே லின்னேயஸ்தான். முதற்சொல் மகிமையையும் அடுத்தது மேன்மையையும் குறிக்கும் இலத்தீன் சொற்கள். சாலொமோனின் மகிமையைப் பூவோடு ஒப்பிட்ட வசனத்தை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காமல் இராது. கோனிக்கிடமிருந்து மிஷனரிகள் தாவரவியலைக் கற்றனர்.

அந்த மரபில் வந்தவர் யோகான் பீட்டர் ராட்லர். ஸ்திராஸ்பூர்க்கில் பிறந்து 1776இல் தரங்கம்பாடிக்கு வந்தார். தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்கு வந்து திரும்பிய பயணத்தில் வழியோரச் செடிகளைக் குறித்து அவர் எழுதிய குறிப்புகள் 1803இல் பெர்லினில் அச்சாயின. பின்னர் சென்னையிலேயே தங்கி, வேப்பேரியில் ஊழியம் செய்து, 1836இல் இங்கேயே நித்திரையடைந்தார். ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தைத் தமிழாக்கியவரும் அவரே. அவர் தொகுத்த தமிழ்–ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. எஞ்சியவை அவர் மறைவுக்குப் பின் 1841க்குள் முடிந்தன. அவர் உலர்த்திச் சேகரித்த செடிகள் இன்று இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன. பகலில் செடிகளைத் தாளில் ஒட்டியும் இரவில் சொற்களை ஏட்டில் அடுக்கியும் முதிர்ந்த ஒரு போதகரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு இவை ஊழியத்திற்கு இடையூறான பொழுதுபோக்காக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதே காலத்தில், அடையாற்றங்கரையில், நம் சைதாப்பேட்டையில், வேறொருவர் வேறொரு சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அங்கே சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்தார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் எடுப்பது அவர் நோக்கம். அந்நாளில் அந்தச் சாயத்தின் வணிகம் ஸ்பெயினின் கையில் இருந்தது. கடல்கடந்து கடிதங்கள் சென்றன, கள்ளிகள் வந்தன, பூச்சிகளும் வந்தன. எனினும் மெக்சிகோவின் சாயத்தோடு போட்டியிட இயலாமல் அந்த முயற்சி ஒடுங்கிப்போனது. உழைத்த அந்த மனிதரை நான் பரிகசிக்கவில்லை; கதீட்ரல் சாலையிலுள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவருடைய சிலையை இன்றும் காணலாம். ஆனால் பெருமக்களின் அங்கிக்குச் சிவப்பேற்ற ஒரு பேரரசே பாடுபட்ட அந்நாட்களில், புதர்க்காடுகளில் செங்காந்தள் யாதொரு செலவுமின்றிச் செந்நிறம் தரித்து நின்றது. நூற்காத, உழைக்காத பூவைக் குறித்து ஆண்டவர் சொன்னதற்கு இதைவிட நல்ல விளக்கவுரை எனக்குக் கிடைக்கவில்லை.

பிரியமானவர்களே, இந்த வரலாற்றின் கடைசிப் பகுதி நம்முடையது. சென்னையின் புதர்க்காடு இன்று சிறுத்துவிட்டது. 1821இல் அரசு வாங்கிய கிண்டி வனம் சுமார் 505 ஹெக்டேர் பரந்திருந்தது. கல்வி நிறுவனங்களுக்கும் நினைவகங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டபின், 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியது ஏறக்குறைய 270 ஹெக்டேர். செங்காந்தளுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கோல்சிசின் என்னும் பொருள் கொடிய நஞ்சு. அதையே மருத்துவர்கள் அளவறிந்து கவுட் எனும் மூட்டுநோய்க்கு மருந்தாக்குகின்றனர். இதற்காகத் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்டங்களில் உழவர்கள் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிட்டு, ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் சேர்த்து, விதையை வெளிநாட்டுக்கு அனுப்புகின்றனர். அது நேர்மையான உழைப்பு. ஆனால் நடுவதற்கும் விற்பதற்கும் காட்டுக்கிழங்குகள் ஏராளமாகத் தோண்டப்பட்டதால், தானாக வளர்ந்த கொடி பல இடங்களில் அருகிவிட்டது. பூவைப் பறித்தால் கொடி பிழைக்கும். கிழங்கைத் தோண்டினால் வரப்போகிற ஆண்டுகளையே எடுத்துவிடுகிறோம்.

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருகிறேன். பூவுக்கு ஆபத்தே வராது என்று ஆண்டவர் சொல்லவில்லை. இன்றைக்கு இருந்து நாளைக்கு அடுப்பில் போடப்படும் புல் என்று அவரே சொன்னார். ஆகவே நம்புகிற வீட்டுக்குள் வெள்ளம் நுழையாது என்று அந்த வசனத்திலிருந்து பிரசங்கிக்க எவருக்கும் உரிமை இல்லை. நான் அன்று அவ்வாறு சொல்லாவிட்டாலும், கேட்டவர்களுக்கு அப்படித் தொனிக்கும்படி பேசிவிட்டேன். அதற்காக வருந்துகிறேன். அழியக்கூடியதைப் பிதா அற்பமாக எண்ணுவதில்லை என்பதே வசனத்தின் சாரம். சில நாள் வாழும் இதழுக்காக மண்ணின் இருளில் எத்தனையோ மாதங்கள் ஆயத்தம் நடக்கிறது. நாம் காணாத மாதங்களில் தேவன் ஓய்ந்திருக்கிறார் என்று முடிவுகட்டுவது நம் அவசரமே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குப் புடவை வந்து சேர்ந்ததே! வானத்திலிருந்து விழவில்லை. தன் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு சகோதரியின் கையால் வந்தது. அந்தக் கையைத் தேவனுடைய கை அல்ல என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் உலர்ந்த பீரோ இருந்த வீடுகளில் என்னுடையதும் ஒன்று. கவலைப்படாதே என்று ஒருவரிடம் சொல்லும்முன், அவர் கவலையில் எவ்வளவு என் கையால் தீரக்கூடியது என்று பார்ப்பது அந்த வாரம் நான் கற்காமல் விட்ட பாடம்.

வரும் கார்த்திகையில், வேலியோரத்திலோ புதரின்மேலோ அந்தத் தீக்கொழுந்தைக் கண்டால் சற்று நில்லுங்கள். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், நஞ்சுள்ளது, வாயில் வைக்கலாகாது என்றும் சொல்லிக்கொடுங்கள். பறிக்க வேண்டாம், தோண்டவே வேண்டாம். கவனித்துப் பாருங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, மண்ணின் இருளில் நீர் செய்யும் வேலைக்காக உம்மைத் துதிக்கிறோம். வறண்ட மாதங்களில் பொறுத்திருக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். உடையற்றவர் எங்கள் வாசலில் நிற்கையில் வசனத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.