ஒரு மட்கார்டு, ஒரு ஞாயிறு

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். வாரத்துக்கு நமக்குன்னு மிஞ்சறது ஞாயிற்றுக்கிழமை காலைல ஒரு மணி நேரம். அதுக்குள்ள அப்பாவோட 1998 மாடல் சிவப்பு மாருதி 800-ஐ முழுசா பாலிஷ் போட்டு மெழுகும் பூசறது நடக்காத காரியம். அதனால ஒரு வாரம் பானட், அடுத்த வாரம் கூரை, அப்புறம் கதவுகள்னு பிரிச்சுக்கிட்டேன். "பாதி ஷேவ் பண்ணின மூஞ்சி மாதிரி இருக்குடா"ன்னு அப்பா சிரிச்சார். இந்தத் தவணை வேலைக்கு ஏதாவது சரித்திரம் இருக்கான்னு தோண்டினேன். நிறையவே இருக்கு மக்களே :-)

கதை அமெரிக்காவில் ஆரம்பிக்கிறது. முதல் கார்களுக்கு அடித்தது குதிரை வண்டிக்கு அடித்த அதே வார்னிஷ் வகைதான். ஒரு கோட் அடிக்கணும், காயணும், தேய்க்கணும், மறுபடி அடிக்கணும். ஒரு வண்டி பெயிண்ட் ஆகி வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்டும் வெயில் பட்டால் மங்கிவிடும்.

இந்த இடத்தில்தான் 1910-ல் சிகாகோவில் சிமோனிஸ் வந்தது. இரண்டு டப்பா. ஒன்று அழுக்கையும் மங்கலையும் எடுக்க, இன்னொன்று மெழுகு. மெழுகு கல்லு மாதிரி இறுகிவிடும் என்பதால் சின்னப் பகுதியாகப் பூசி, இறுகும் முன்னே துடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகணும். ஆக, பிரித்துச் செய்வது சோம்பேறித்தனம் இல்லை, முறையே அதுதான்!

1923-ல் டூபாண்ட் கம்பெனியின் டூகோ வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தார்கள். வாரக்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது. (நம்மூர் பட்டறைகளில் இன்னைக்கும் "டூகோ பெயிண்ட்"னு சொல்றது இந்தப் பேரைத்தான்.) ஆனால் இந்த லாக்கர் காய்ந்ததும் தானாகப் பளபளக்காது, தேய்த்தால்தான் பளபளப்பு. நாளாக நாளாக மறுபடி மங்கும், மறுபடி தேய்க்கணும். பாலிஷ் வியாபாரம் கொழித்ததில் ஆச்சரியம் இல்லை.

மெழுகில் ராஜா கார்னாபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை, ஈரம் ஆவியாகாமல் இருக்க இலைமேல் பூசிக்கொள்வது. தேன்மெழுகு 62-64 டிகிரியில் உருகிவிடும். இது 80-ஐத் தாண்டித்தான் உருகும்.

எனக்குப் பிடித்த ஆள் பென் ஹிர்ஷ். 1940-களில் சிகாகோவில் பிளாஸ்டோன் என்ற பாலிஷைத் தயாரித்தவர். பின்னாளில் டர்டில் வேக்ஸ் ஆனது அதுதான். தெருவில் நிற்கும் காரில் ஒரே ஒரு மட்கார்டை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு, ஓனர் வரும்வரை காத்திருப்பாராம். மிச்ச வண்டியைப் பார்த்ததும் ஓனருக்குக் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். பாதி ஷேவ் பண்ணின மூஞ்சியை வைத்தே கம்பெனி நடத்தியிருக்கிறார் மனுஷன்!

1980-களில் நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் அடிப்பது பரவியது. சாதாரணமாக 40-50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. பாலிஷ் என்பது அதைக் கொஞ்சம் சீவி எடுப்பது. மெழுகு என்பது மேலே பூசுவது. முதலாவது எடுக்கிறது, இரண்டாவது சேர்க்கிறது. இந்த ஒரு வித்தியாசம் முன்னமே மண்டையில் ஏறியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

எங்க வண்டியில் கிளியர் கோட்டே கிடையாது. தேய்க்கத் தேய்க்க துணியில் சிவப்பு வந்தது. அழுக்கு போகுதுன்னு நினைச்சேன், போனது பெயிண்ட். ஒரு மணி நேரத்துக்குள்ள பானட்டை முடிச்சுடணும்னு கடைசி பத்து நிமிஷம் வேகவேகமா தேய்ச்சதில், விளிம்பில் சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. அப்பா திட்டவே இல்லை. குனிஞ்சு விரலால தொட்டுப் பார்த்துட்டு உள்ளே போயிட்டார். திட்டியிருக்கலாம்.

இப்போ கணக்கை மாத்திட்டேன். பாலிஷ் எந்த இடத்துக்கும் ஒரே தடவை, விளிம்புப் பக்கம் போகவே கூடாது. அப்புறம் மெழுகு மட்டும்தான். ஒரு மணி நேரத்துக்கு முழு பானட் இல்லை, ஒரே ஒரு மட்கார்டு.

போன ஞாயிறு நான் பூச, அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து துடைச்சார். முடிச்சுட்டு, "அடுத்த வாரம் இடது பக்கமா?"ன்னு கேட்டார். ஆமாம்னேன்.