உதைக்கு என்ன பதில்?

முகம்மது அலி என்றதும் எங்களில கனபேருக்கு ஞாபகம் வாறது அவருடைய கால்கள்தான். ரிங்கைச் சுத்தி ஆடிக்கொண்டே எதிராளியைக் களைக்க வைக்கிற கால்கள். அந்தக் கால்களை ஒருவர் 15 சுற்றுகள் உதைத்து வீங்க வைத்த கதை அவ்வளவாகப் பேசப்படுறதில்லை.

1976 ஜூன் 26, டோக்கியோவின் புடோகான் அரங்கு. உலக ஹெவிவெயிட் சம்பியன் அலிக்கும் ஜப்பானிய மல்யுத்த வீரர் அந்தோனியோ இனோக்கிக்கும் போட்டி. மணி அடித்ததுமே இனோக்கி ஓடிவந்து நிலத்தில் சறுக்கி அலியின் காலுக்கு உதைத்தார். பிறகு பெரும்பாலான நேரம் முதுகில படுத்துக்கொண்டே உதைத்தார். படுத்திருக்கிற ஆளை எப்படிக் குத்துறது? அலி அந்த 15 சுற்றிலும் விட்ட குத்துக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். முடிவு சமநிலை. பார்க்க வந்த சனம் வெறுத்துப்போனது. அலியோ வீங்கிய காலோடு பிறகு ஆஸ்பத்திரியில படுக்க வேண்டி வந்தது.

உலகத்திலேயே அடிக்குத் தப்புறதில கெட்டிக்காரர் ஏன் உதைக்குத் தப்பத் தெரியாமல் நின்றார்? குத்துச்சண்டையில் இடுப்புப் பட்டிக்குக் கீழே அடிக்கக் கூடாது, காலாலும் அடிக்கக் கூடாது. அதனால் குத்துச்சண்டைக்காரருக்கு முன்னங்காலைப் பாதுகாக்கிற தேவையே வராது. அந்தக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு தைரியமாக முன்னுக்கு வரலாம். அலியின் உடம்பு அந்த விதிக்குள்ளேயே பல வருசம் பழகினது. விதி மாறின அன்றைக்கு, அந்தக் காலைக் காப்பாற்ற அவரிடம் பழகின வழி எதுவும் இருக்கவில்லை.

“அலி உதைக்கிற விளையாட்டைப் பழகாதவர்தானே” என்று நீங்கள் கேட்கலாம். சரி, உதைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பாப்பம்.

1970களில் அமெரிக்காவில் ‘ஃபுல் கொன்டாக்ட்’ கராத்தே வளர்ந்தது. இன்றைய கிக் பொக்சிங்கின் ஒரு கிளை அது. அங்கே இடுப்புக்கு மேலேதான் உதைக்கலாம். ஒரு சுற்றில் ஆகக் குறைந்தது 8 உதை விட வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. இல்லாவிட்டால் எல்லாரும் கையாலேயே சண்டை பிடித்து முடித்துவிடுவார்கள் என்ற பயம். காலுக்கு நீளக் காற்சட்டையும் மெத்தைச் சப்பாத்தும். இந்த உலகத்தின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர் ரிக் ரூஃபஸ்.

1988 நவம்பரில், லாஸ் வேகாஸில், அவருக்கு எதிராகத் தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சொங்ரிட் இறங்கினார். முய் தாயின் முக்கிய ஆயுதங்களான முழங்கை அடிக்கும் முழங்கால் அடிக்கும் தடை. ஆனால் தொடைக்கு உதைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். முதல் சுற்றில் ரூஃபஸ் அவரை நிலத்தில் விழுத்தினார், தாடையும் உடைந்தது. அத்தோட சண்டை முடிஞ்சுது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். சாங்புவெக் எழும்பி ரூஃபஸின் தொடைக்கு உதைக்கத் தொடங்கினார். அதே இடம், திரும்பத் திரும்ப. ரூஃபஸ் காலை மாற்றி நின்று பார்த்தார், பின்னுக்குப் போய்ப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. நாலாவது சுற்றில் சண்டை நிறுத்தப்பட்டது. சம்பியனை ஸ்ட்ரெச்சரில தூக்கிக்கொண்டு போனார்கள்.

தொடைக்கு உதைக்கிறதுக்கு என்ன திறமை வேணும் என்று அப்போது ஏளனமும் எழுந்தது. ஆனால் அன்றைக்கு அண்ணனோடு நின்ற தம்பி டியூக் ரூஃபஸ் பிறகு முய் தாய் படித்து, அதையே சொல்லிக் கொடுக்கிற பெயர்பெற்ற பயிற்சியாளர் ஆனார். எங்களுக்கு இந்தக் கதையில ஆகப் பிடித்த இடம் இதுதான்.

அப்படி என்னதான் தாய்லாந்துக்காரருக்குத் தெரிஞ்சிருந்தது? உதைக்கிற ஆள் அந்தக் கணத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறார். உதைக்கான எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் தொடங்குது. உதை கிளம்ப முதலே பாதத்தால் அவருடைய இடுப்பைத் தள்ளிவிடலாம். உள்ளே நுழையலாம்: சுழன்று வாற காலின் நுனியில்தான் வேகம் அதிகம், கிட்ட வந்தால் படுறது தொடைதான், அதில் பலம் குறைவு. விலாவுக்கு வாற உதையைப் பிடித்துக்கொண்டு, நிலத்தில் ஊன்றிய மற்றக் காலைத் தட்டி விழுத்தலாம்.

தொடைக்கு வாற உதைக்குப் பழகின பதில் முழங்காலைத் தூக்கி, சற்று வெளிப்பக்கம் திருப்புவது. அப்போது உதை தொடைச் சதையில் விழாமல் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பு தடிப்பான இடத்தில் வந்து மோதும். உதைக்கிறவரின் எலும்போ பாதத்தை நோக்கிப் போகப் போக மெல்லிசு. ஆகவே நோ அவருக்குத்தான் கூட. அவர் காலை நிலத்தில் வைத்துச் சமநிலை எடுக்க முதல், தடுத்தவர் தன்னுடைய உதையை விட்டுவிடுவார். இப்படித் தடுக்கப்பட்ட உதைக்கு முய் தாயில் புள்ளியும் இல்லை. விதியே தடுப்பைப் பழக்குது.

இந்தத் தடுப்பு எவ்வளவு கொடூரமானது என்பதை 2013 டிசம்பர் 28 அன்று உலகம் பார்த்தது. யூஎஃப்சி 168 போட்டியில் அண்டர்சன் சில்வா விட்ட உதையை கிறிஸ் வைட்மன் இப்படித்தான் காலைத் தூக்கித் தடுத்தார். சில்வாவின் கால் எலும்பு இரண்டும் முறிந்தன. அந்தத் தடுப்பைப் பயிற்சி செய்துதான் வந்ததாக வைட்மன் பிறகு சொன்னார். 2021 ஏப்ரல் 24, யூஎஃப்சி 261. இம்முறை உதைத்தவர் வைட்மன், தடுத்தவர் யூரையா ஹோல். சண்டை தொடங்கி 17 செக்கனில் வைட்மனின் கால் அதே மாதிரி முறிந்தது. பதில் தெரிந்தவருக்கும் உதைக்கிற இடத்தில் நின்றால் அதே ஆபத்துத்தான்.

இந்த வரலாறு எங்களுக்கு ஏன் தேவை? தற்காப்பு வகுப்புகளில் எங்களுக்கு உதையைத் தடுக்கச் சொல்லித் தருவார்கள். முன்னால் நிற்கிறவர் மெதுவாக உதைப்பார், பிறகு காலை நீட்டினபடி நாங்கள் பதில் அடி அடிக்கும் வரைக்கும் காத்துக்கொண்டு நிற்பார். ரோட்டில ஒருத்தரும் அப்படிக் காத்திருக்க மாட்டார்கள். அதனால் பழகுறது வீண் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த விதிக்குள்ளே பழகுறம், அந்த விதி எதை மறைக்குது என்று கேட்க வேணும். மெதுவாகத் தொடங்கினாலும், ஒரு கட்டத்தில் காப்பு மெத்தை போட்டுக்கொண்டு உண்மையாகவே உதைக்கிற ஒருவரோடு பழகாவிட்டால், கைக்கு வந்தது தடுப்பில்லை, தடுக்கத் தெரியும் என்ற நினைப்பு மட்டும்தான். தப்பி ஓட வழி இருந்தால் ஓடுறதுதான் முதல் பதில் என்பதையும் அதே வகுப்பில் சொல்லித்தர வேணும்.

அலியும் ரூஃபஸும் பலவீனமானவர்கள் இல்லை. அவர்களுடைய விளையாட்டு கேட்காத கேள்வியை வேற யாரோ வந்து கேட்டார்கள், அவ்வளவுதான். அதுக்குப் பிறகு ரூஃபஸின் தம்பி செய்தது பெரிய வேலை: தங்களை விழுத்தினதையே போய்ப் படித்தது.