சொன்னவரும் எழுதியவரும்

காஞ்சிக்கு அருகிலுள்ள எங்கள் கூரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ஊர்ப் பெரியவர்கள் ராமானுசரின் சீடர் கூரத்தாழ்வானில் தொடங்கி அவரிலேயே முடிப்பார்கள். நான் கதை எழுதிப் பிழைப்பவள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொடுத்த செப்பேடு. இங்குள்ள சிவன் கோயிலுக்குப் பரமேசுவரமங்கலம் என்ற ஊரைத் தானமாகத் தந்து, அதை 25 பங்காக்கி, யாருக்கு என்ன என்று வகுக்கிறது அது. பூசைக்கும் பராமரிப்புக்கும் சில பங்கு. மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் தருபவருக்கு ஒன்று. அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் ஒன்று. கதையைத் தண்ணீரோடும் நெருப்போடும் ஒரே வரிசையில் வைத்த அந்தக் கணக்கனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வாசித்தவருக்கு நிலம் கிடைத்தது. கேட்டவர்களைப் பற்றிச் செப்பேட்டில் பேச்சில்லை. கேட்டவர்களில் நம் பாட்டிகளின் பாட்டிகளும் இருந்திருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வது சரித்திரம் அல்ல, நாவலாசிரியையின் ஆசை.

நானும் கேட்டு வளர்ந்தவள்தான். வீட்டில் தறி ஓடும். கோர்வைச் சேலை என்றால் இருவர் வேண்டும். உடலுக்கு அப்பா நாடா விடுவார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நான் நாடா தள்ளுவேன். அத்தை தூணோரம் சாய்ந்தபடி வாடகை நூலகத்துப் புத்தகத்தை உரக்கப் படிப்பாள். லக்ஷ்மி, அநுத்தமா நாவல்கள், சில சமயம் அட்டை போன பழைய ‘ஜகன்மோகினி’ இதழ்கள். இழை அறுந்தால் தறி நிற்கும், அத்தையும் நிறுத்துவாள். முடிச்சுப் போட்டதும் விட்ட வரியிலிருந்து தொடர்வாள். எந்த அத்தியாயம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியாது. எந்த இடத்தில் இழை அறுந்தது என்று மட்டும் இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பழைய இதழ்களை நடத்திய வை.மு. கோதைநாயகி அம்மாள் எங்கள் பக்கத்துக்காரர். 1901இல் காஞ்சிபுரத்துக்கு அருகே நீர்வளூரில் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருமணம், பிறகு திருவல்லிக்கேணி வாழ்க்கை. அங்கே வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே அவர் கதாசிரியை ஆனார். எழுத்து அப்போது கைக்கு வசப்படவில்லை. முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சேறியது. பெண் எழுத வேண்டுமானால் அவளுக்கென்று ஓர் அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் எழுதிய நூல் வந்தது 1929இல். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எங்கள் நீர்வளூர்க்காரருக்கு அறைக்கு முன்னால் ஒரு தோழி கிடைத்துவிட்டாள்.

நாடகம் அச்சேறிய மறு ஆண்டே கோதைநாயகி ‘ஜகன்மோகினி’யை விலைக்கு வாங்கி, ‘வைதேகி’யைத் தொடர்கதையாக்கி, ஏறத்தாழ 35 ஆண்டுகள் அந்த இதழை நடத்தினார். நாவல்கள் மட்டும் 115. காந்தியைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் விட்டுக் கதருக்கு மாறினார். பட்டு நெய்யும் சீமையில் பிறந்த பெண் பட்டை விட்டதை எங்கள் அப்பாவிடம் சொன்னபோது, “அப்ப நம்ம பொழப்பு?” என்றுதான் கேட்டார். 1932இல் மறியலுக்காகச் சிறை போனவர் அங்கேயும் ஒரு நாவல் எழுதினார்.

இலக்கியக்காரர்கள் இவரை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் செய்தேன். தற்செயல்கள் அதிகம், புத்திமதி அதைவிட அதிகம், நல்லவள் கடைசிவரை நல்லவளாகவே இருக்கிறாள். இந்தக் குறைகள் எதையும் நான் இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் கண் அறுவை செய்துகொண்டு படுத்திருந்தபோது, என் மகள் அவர் நாவல் ஒன்றை உரக்கப் படித்துக் காட்டினாள். கண்ணுக்கு வளவளவென்று தெரிந்த உரையாடல் காதில் கச்சிதமாக விழுந்தது. திண்ணையில் ஒருத்தி மூச்சு வாங்கும் இடம், பக்கத்து வீட்டுக்காரி குரல் தாழ்த்தும் இடம் எல்லாம் தெரிந்தன. இவை சொல்லி எழுதிய புத்தகங்கள், காதால் படிக்க வேண்டியவை. கண்ணால் மட்டும் படித்துத் தீர்ப்புச் சொன்னது நம் பிழை.

கூரத்தாழ்வான் கதையும் இங்கே பொருந்துகிறது. போதாயன விருத்தி என்ற பிரம்மசூத்திர உரையை ராமானுசர் உறங்கும் இரவுகளில் படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டவர் அவர் என்று குருபரம்பரை சொல்கிறது. ஏடு பறிபோன பின் நூல் அவர் நெஞ்சில் இருந்தது. பின்னாளில் கண்ணும் போயிற்று.

கோதைநாயகிக்குப் பின்வந்த பெண்கள் கேட்பதையே வேறு வேலையாக்கினார்கள். ராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளர்களிடையே போய்க் கேட்டுத்தான் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். அம்பை பெண் எழுத்தாளர்களைத் தேடிப் போய்ப் பேசவைத்தார், 1988இல் அதற்கென்றே ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது அதன் பேச்சு மொழியைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எங்கள் தறி வீட்டில் யாரும் சுளித்திருக்க மாட்டார்கள்.

நான் இப்போது கணினியில்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்ததும் உரக்கப் படிப்பேன். எங்கே நா இடறுகிறதோ அங்கே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே போவேன். கோர்வையாகச் சொல்கிறாள் என்று அத்தை யாரையாவது பாராட்டினால், அவள் கதையைச் சொல்கிறாளா சேலையைச் சொல்கிறாளா என்று சின்ன வயதில் எனக்குக் குழப்பமாக இருக்கும்.

பட்டம்மாளைப் பற்றி ஒரு பக்கமாவது எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். கரைக்கு நாடா தள்ளியவளின் பெயர் சேலையில் இராது என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கூரத்திலும் காஞ்சியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பழைய வீடுகளின் பரண்களில் ‘ஜகன்மோகினி’ இதழ்களோ, தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து வீட்டுப் பெண்கள் தைத்து வைத்த தொகுப்புகளோ கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் ஓர் அத்தியாயத்தையாவது வீட்டில் யாரேனும் உரக்கப் படியுங்கள்.