எழுதிப் பிழைக்கக் கிளம்பியவர்களும் அவர்களைச் சுமந்த தோள்களும்

யாரிடமும் மாதச் சம்பளம் வாங்காமல் எழுதியே பிழைப்பது தமிழுக்குப் புதிய தொழில் இல்லை. இரட்டைப் புலவர்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. பார்வையில்லாதவரின் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, இருவருமாகக் கோயில் கோயிலாகப் போய்ப் பாடிப் பரிசில் பெற்றார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. தில்லைக் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன.

அவர்களை முதலில் அழைத்து உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. தமிழில் எழுத்தை நம்பிக் கிளம்பியவர்களின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை புரட்டிப் பார்த்தால், அநேகமாக எல்லோருக்கும் அடியில் ஒரு தோள் இருக்கிறது. மேலே இருந்து பாடியவரைப் பற்றி நூறு கட்டுரை வந்திருக்கும். சுமந்தவரைப் பற்றி இரண்டு வரி இருந்தால் அதிகம்.

நம் திருவண்ணாமலையிலும் பழைய வழக்கம் அதுதான். அருணாசல புராணம் பாடிய சைவ எல்லப்ப நாவலர் போன்றவர்கள் தலபுராணம், அந்தாதி என்று பாடுவார்கள். அரங்கேற்றம் நடக்கும். ஊர்ப் பெரியவரோ செல்வரோ பொன்னும் பட்டும் கொடுப்பார். அச்சு இயந்திரம் வந்த பிறகு அந்தச் செல்வரின் இடத்துக்கு, காசு கொடுத்துப் புத்தகம் வாங்கும் வாசகர் வந்தார். ஆனால் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அப்போதும் கும்பகோணம் கல்லூரி வேலையை அவர் விடவில்லை.

கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆரணியையும் சொல்ல வேண்டும். இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட ஆரணி குப்புசாமி முதலியார், ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில நாவலாசிரியர்களைத் தழுவித் துப்பறியும் நாவல்களாக எழுதிக் குவித்தார். 1915-ல் தொடங்கிய ‘ஆனந்தபோதினி’ மாத இதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். நம் பாட்டன்மார் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தவை அந்த நாவல்கள்தாம். பண்டிதர்கள் முகம் சுளித்தாலும், தமிழில் கதைக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது என்று காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவருக்கும் பத்திரிகை ஆசிரியர் பொறுப்பு என்ற ஊன்றுகோல் இருந்தது.

பாரதியார் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் ஆசிரியர் வேலை. அதே ஆண்டு சென்னையில் சுதேசமித்திரன். 1908-ல் புதுச்சேரி போன பிறகு நிலையான வருமானம் என்று ஒன்றும் இல்லை. 1920-ல் கடையத்தில் இருந்தபோது அவர் போட்ட திட்டம் இன்றைய பதிப்பாளரையும் மலைக்க வைக்கும். தன் எழுத்துகளை 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிட்டு, மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீடுதோறும் போகச் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். பணம் சேரவில்லை. மறுபடியும் சுதேசமித்திரனுக்கே போனார். 1921 செப்டம்பரில் காலமானார்.

சமைக்க வைத்திருந்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்த கதையை மேடையில் கேட்டுக் கைதட்டுகிறோம். அன்றைக்கு உலை வைக்க மறுபடி அரிசிக்கு ஏற்பாடு செய்தது யார் என்று கேட்பதில்லை. செல்லம்மாள்தான். கணவர் மறைந்த அடுத்த ஆண்டே, 1922-ல், பாரதி ஆசிரமம் என்ற பெயரில் அவருடைய பாடல்களை வெளியிட முன்வந்தவரும் அவர்தான். நூலுரிமை கைமாறிக் கைமாறி, 1949-ல் சென்னை அரசு வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. எழுதியவர் அந்த உரிமையால் ஒரு வாரம்கூட நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை.

புதுமைப்பித்தனுக்கு 1932-ல் திருமணம். அதற்குப் பிறகே எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார். 1934-ல் மணிக்கொடியில் அவர் கதைகள் வரத் தொடங்கின. மணிக்கொடியில் எழுதினால் பேர் வரும், அரிசி வராது. ஆகவே ஊழியன், பிறகு தினமணி என்று பத்திரிகை வேலை பார்த்தார். 1943-ல் டி.எஸ்.சொக்கலிங்கத்தோடு தினமணியை விட்டு வெளியேறினார். பிறகு சினிமாவுக்கு வசனம். சொந்தமாகப் படம் எடுக்க ஒரு கம்பெனி. கடைசியில் ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனே. காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். அவருக்கு வயது 42. ஊரில் இருந்த மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் புத்தகமாக வந்திருக்கின்றன. இலக்கியம் தேடி அதைப் படிப்பவர்கள் பக்கத்துக்குப் பக்கம் பணக் கவலையைத்தான் பார்ப்பார்கள். இதில் இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. கமலா விருத்தாசலமும் கதை எழுதியவர். ‘காசுமாலை’ அவருடைய தொகுப்பு. காத்திருக்கும் வேலை இல்லாமல் இருந்திருந்தால் அவர் இன்னும் எத்தனை எழுதியிருப்பாரோ!

எல்லாத் தோளும் மனைவியுடையதாக இருக்க வேண்டியதில்லை. க.நா.சுப்ரமண்யத்துக்கு அது அப்பா. அவர் தபால் இலாகாக்காரர். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்த பையனைச் சர்க்கார் வேலைக்கு அனுப்பாமல், நீ எழுத்தாளனாகு என்று விட்ட தகப்பனாரை விரல் விட்டு எண்ணிவிடலாம். மகன் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற வேண்டும் என்பது அவர் ஆசை. மகனோ தமிழுக்கு வந்தார். சூறாவளி, சந்திரோதயம், இலக்கிய வட்டம் என்று பத்திரிகை நடத்திக் கைப்பணத்தைக் கரைத்தார். 1965 வாக்கில் தில்லிக்குப் போய், ஆங்கிலப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதிக் குடும்பம் நடத்தினார். சாகித்திய அகாதெமி விருது 1986-ல் வந்தபோது வயது 74.

வல்லிக்கண்ணன் விவசாய இலாகாவில் கிடைத்த சர்க்கார் வேலையை எழுத்துக்காக விட்டவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடு எளிமையாக வாழ்ந்து, புதிதாக எழுதுகிறவர்களுக்கெல்லாம் கார்டில் பதில் போட்டுக்கொண்டிருந்தார். அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டபோது குடும்பஸ்தர். தமிழ்க் கதைக்குக் கிடைத்தது போதாது. ஆங்கிலக் கட்டுரைகள் கைகொடுத்தன. வீட்டில் இடம் போதாமல் தி.நகர் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார் என்பார்கள். அந்த நெருக்கடிக்கு நடுவில்தான் ‘தண்ணீர்’ போன்ற நாவல்கள் வந்தன.

ஆங்கிலத்தில் எழுதியவர்கள் நிலை எப்படி என்று பார்க்க நாம் வெளியூர் போக வேண்டாம். 1931-ல் பால் பிரண்டன் என்ற லண்டன் பத்திரிகைக்காரர் நம் ஊருக்கு வந்து ரமண மகரிஷியைச் சந்தித்தார். 1934-ல் லண்டனில் வெளியான அவருடைய இந்தியப் பயண நூல் உலகமெங்கும் போயிற்று. அந்த ஒரு புத்தகம் அவரை நூலாசிரியராக நிலைநிறுத்தியது. 1952 வரை அடுத்தடுத்துப் புத்தகங்கள் எழுதினார். 1938-ல் சாமர்செட் மாம் வந்தார். இங்கே பார்த்தது அவருடைய 1944-ஆம் ஆண்டு நாவலுக்குப் பயன்பட்டது. அதே மலையடிவாரத்தில் அதே ஆண்டுகளில் தமிழில் எழுதியவருக்கு அந்த வழி இல்லை. திறமைக் குறைவு காரணமல்ல. பல நாடுகளில் வாங்குகிற வாசகர் கூட்டமும், விற்ற பிரதிக்குக் கணக்குக் காட்டி ராயல்டி தரும் வழக்கமும் அந்த மொழிக்கு இருந்தன.

நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் ‘எழுத்தாளர்’களை உறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். பெரிய உறைக்குள் சிறிய உறை ஒன்று மடங்கியிருக்கும்; அதில் அவருடைய சொந்த விலாசமும் ஸ்டாம்பும். கதை பிரசுரமாகாவிட்டால் திரும்பி வருவதற்கு. இரண்டு மாதம் கழித்து அந்தச் சிறிய உறை திரும்பி வரும். எப்போதாவது பத்திரிகை ஆபீஸிலிருந்து சின்னத் தொகைக்கு மணியார்டர் வரும். அந்த மணியார்டர் கூப்பனை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கும் நண்பர் இருக்கிறார். இன்னொருவர் கவுண்டர் பக்கமே வரமாட்டார். ஸ்டாம்பு வாங்க வருவது அவர் மனைவி. முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைப்பார். அந்தக் கணவரின் கதை அச்சில் வந்ததா என்று அவரிடம் கேட்க எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

நம் ஊர் பிற்பாடு வேறொரு வழியைக் கண்டுபிடித்தது. வேலையை விடாமல் எழுதுவது, ஊரோடு சேர்ந்து எழுதுவது. விடிய விடிய நடந்த கலை இலக்கிய இரவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பவா செல்லதுரை மின்வாரியத்தில் பணிபுரிந்துகொண்டேதான் எழுத்தாளராகவும் கதைசொல்லியாகவும் ஆனார். கே.வி.ஷைலஜா மலையாளத்திலிருந்து மொழிபெயர்த்ததோடு வம்சி புக்ஸ் பதிப்பகத்தையும் இந்த ஊரிலிருந்தே நடத்திக் காட்டினார். எழுதுவதற்குச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும் என்ற எண்ணத்தை இவர்கள் போன்றவர்கள் மாற்றினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸாக எழுதப் போகிறேன் என்கிறாள். விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு, இணையத்துக்குக் கட்டுரை என்று அந்தக் காலத்தில் இல்லாத வேலைகள் இன்று இருக்கின்றன. பணம் வங்கிக் கணக்குக்கே வந்துவிடுகிறது. ஆனாலும் பணம் எந்த மாதம் வரும் என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. “தாத்தா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டாள். மேலே எழுதிய சரித்திரத்தைச் சொல்லிவிட்டு இரண்டு விஷயம் சொன்னேன்.

முதலாவது சட்டம். 1957-ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை செய்யாமல் சுயேச்சையாக எழுதுகிறவரின் எழுத்துக்கு முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை வாரிசுகளுக்கு உண்டு. ஆகவே கையெழுத்துப் போடுமுன் காகிதத்தை முழுக்கப் படி. நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அச்சில் பெயர் பார்த்த சந்தோஷத்தில் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர்.

இரண்டாவது, தோள். அப்பாவா, அண்ணனா, மனைவியா, சேமிப்பா, பகுதிநேர வேலையா, எதன் மேல் ஏறிப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு கிளம்பு. அது மனிதத் தோளாக இருந்தால் முதலில் அவரிடம் கேள். செல்லம்மாளிடமும் கமலாவிடமும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் காலம் அப்படி. இப்போது கேட்கலாம்.

அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா டைலரிங் மிஷின் வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். ஒரு வருஷம் பார்க்கலாம், வீட்டு வாடகை என் பொறுப்பு, உன் செலவு உன் பொறுப்பு, வரவு செலவை நோட்டில் எழுதி மாதா மாதம் காட்டு என்று சொன்னாராம். ஆறு மாதம் ஆகிறது. நோட்டில் இரண்டு மாதம் துண்டு விழுந்திருக்கிறது, நான்கு மாதம் தேவலை.