சென்னைத் தொலைக்காட்சியின் திரைச் சின்னங்கள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷன் என்றதும் இன்று நினைவில் எழும் கண் சின்னம் அன்றைய திரையில் இல்லை. அப்போது தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று அது தனி அமைப்பாகப் பிரிந்தது. கண் சின்னம் திரையேறியதும் அன்றுதான். அந்தக் கணக்கில் சென்னை நிலையம் தன் சின்னத்தைவிட ஏழரை மாதம் மூத்தது.

சின்னம் பிறந்த இடம் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம். மாணவர்களும் ஆசிரியர்களும் வரைந்து அனுப்பியவற்றுள், மாணவர் தேபாசிஷ் பட்டாச்சார்யாவின் படத்தைப் பிரதமர் இந்திரா காந்தி தேர்ந்தெடுத்தார். நடுவில் ஒரு வட்டம், அதைத் தழுவிச் சுழலும் இரண்டு வளைகோடுகள், அவ்வளவுதான். சீன மரபின் யின்-யாங் வடிவை ஒத்த அந்த வளைவுகளைப் பார்த்தவர்கள் அதைக் கண்ணாகக் கண்டார்கள். அந்தப் பெயரே நிலைத்தது.

படத்துக்கு உயிர் கொடுத்தது அதன் அசைவு. கணினி வரைகலை கைக்கு எட்டாத காலம் அது. அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். எல். மிஸ்திரி, சின்னத்தின் படிகளைக் கேமராவின் கீழ் வைத்துத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தார். வளைகோடுகள் சுழன்று வந்து கண்ணாகக் கூடும் காட்சி அப்படி உருவானது. பண்டிட் ரவிசங்கரும் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் அதற்கு இசை அமைத்தனர். கறுப்பு வெள்ளைத் திரைக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் அமைவது அரிது. நுண்ணிய கோடோ, நிறத்தை நம்பிய அழகோ அதில் இல்லை. ஆன்டெனா சற்றே திரும்பிப் படத்தில் புள்ளிகள் மண்டினாலும் வடிவம் தெரியும். 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோதும் வடிவத்தை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை.

ஆனால் அந்தக் கண் நாடு முழுமைக்கும் பொதுவானது. சென்னைக்கு மட்டும் உரிய அடையாளமாக இருந்தது நிலையத்தின் பெயர்தான். ஒரே ஒரு அலைவரிசை கிடைத்த வீட்டில், பார்ப்பது எந்த நிலையம் என்ற ஐயமே வராது. நிகழ்ச்சி தொடங்கும் முன் சின்னம் திரையை நிறைத்துத் தோன்றி மறைந்தால் போதும்.

கேபிள் இணைப்பு இந்த நிலையை மாற்றியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. அதே ஆண்டில் தூர்தர்ஷனும் தமிழுக்கெனச் செயற்கைக்கோள் சேவையைத் தொடங்கி, அதற்கு டிடி 5 என்று எண்ணிட்டது. ரிமோட்டை அழுத்தியபடி அலைவரிசை மாற்றுகிறவருக்கு, இருக்குமிடம் நொடியில் தெரிய வேண்டும். அதனால் சின்னம் நிகழ்ச்சிக்கு முன்னால் வருவதை விட்டு, நிகழ்ச்சியின் மேலேயே, திரையின் மூலையில் குடியேறியது. பழைய படக்குழாய்த் திரையில் அசையாத பிரகாசமான உருவம் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றால் தடம் பதிந்துவிடும். காட்சியையும் அது மறைக்கக் கூடாது. மூலைச் சின்னங்கள் பல பாதி ஒளிபுகும்படி அமைக்கப்பட்டது இதனால்தான்.

மூலையில் நிற்க, எண்ணைவிடப் பெயரே ஏற்றது. 2000 பொங்கலன்று டிடி 5, பொதிகை ஆனது. அகத்தியரோடும் தமிழோடும் மரபு இணைத்துப் பேசும் மலையின் பெயர் அது. ஐந்து என்ற எண் எந்த ஊருக்கும் பொருந்தும். பொதிகை தமிழ் நிலத்துக்கு மட்டுமே உரியது. இந்த வரலாற்றில் சென்னை நிலையம் தன் மண்ணிலிருந்தே எடுத்துக்கொண்ட ஒரே அடையாளம் என்று அதைச் சொல்லலாம்.

கண்ணை மாற்றும் முயற்சியும் நடந்தது. 2017-இல் புதிய சின்னத்துக்குப் போட்டி அறிவிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கில் வரைபடங்கள் வந்தன. இருந்தும் பழைய வடிவமே நீடித்தது. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவி நிறத்துக்கு மாறியபோது எழுந்த விவாதமும் நிறத்தைப் பற்றியதே. சென்னையிலோ அதற்கு மூன்று மாதம் முன்பே, 2024 ஜனவரி 19 அன்று, பெயர் மாறிவிட்டது. 24 ஆண்டுகள் திரையில் இருந்த பொதிகை விலகி, டிடி தமிழ் அந்த இடத்துக்கு வந்தது.