குசிநாராவில் ஏழு நாட்கள்

புத்தர் பிறந்த கதையும் அரண்மனையை விட்டுப் போன கதையும் பள்ளிப் பாடத்திலேயே நமக்குத் தெரியும். அவர் காலமான கதையை யாரும் அதிகம் சொல்வதில்லை. பாலி மொழியில் உள்ள மகாபரிநிப்பான சுத்தத்தை மொழிபெயர்ப்பில் முழுதாகப் படிக்க எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் நேரம் கிடைத்தது. தத்துவம் நிறைய இருக்கும் என்று எண்ணி எடுத்தேன். தத்துவம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மனதில் நின்றது அதில் வரும் சாவு வீடுதான்.

அப்போது அவருக்கு வயது 80. மழைக்காலத்தில் வைசாலி அருகே கடும் நோயில் விழுந்து தேறியவர், மறுபடி நடக்கத் தொடங்கிப் பாவா என்ற ஊருக்கு வருகிறார். அங்கே சுந்தன் என்ற கொல்லர் விருந்து வைக்கிறார். அதில் 'சூகரமத்தவம்' என்று ஒரு பண்டம். பன்றி இறைச்சி என்பார் சிலர், காளான் என்பார் சிலர். அதைத் தனக்கு மட்டும் போடச் சொல்லி, மிச்சத்தைக் குழியில் புதைக்கச் சொன்னாராம். பிறகு இரத்த பேதி. அந்த நிலையிலும் குசிநாரா நோக்கி நடக்கிறார்.

வழியில் ஆனந்தரிடம் ஒன்று சொல்கிறார். நாளைக்கு ஊரார் சுந்தனைப் பழிக்கலாம், அவன் மனம் உடைந்து போகலாம். ஞானம் பெறுமுன் உண்ட உணவுக்கும் இந்தக் கடைசி உணவுக்கும் ஒரே பலன்தான் என்று அவனிடம் போய்ச் சொல் என்கிறார். சாகப் போகிறவருக்குச் சோறு போட்டவனைப் பற்றிய கவலை! நான் புத்தகத்தை மூடி வைத்தது இந்த இடத்தில்தான்.

குசிநாராவில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே வடக்கே தலைவைத்துப் படுக்கிறார். (நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிறோமே குங்கிலியம், அது இந்த மரத்தின் பிசின்தான். வடக்கே தலைவைத்தால் எங்கள் பாட்டி தூக்கத்திலிருந்து எழுப்பி விடுவார்!) ஆனந்தருக்கோ மனம் ஆறவில்லை. சம்பா, ராஜகிருகம், காசி போன்ற பெரிய நகரங்கள் இருக்க, இந்த மண்சுவர்ப் பட்டிக்காட்டிலா என்று கேட்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்கிறார்.

உடலை என்ன செய்வது என்று ஆனந்தர் கேட்டபோது வந்த பதில், அது துறவிகளான உங்கள் வேலை இல்லை, இல்லறத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. மேலும் கேட்டதால் முறையையும் சொல்கிறார்: சக்கரவர்த்திக்குச் செய்வதுபோலப் புதுத்துணியும் பஞ்சும் மாறி மாறிச் சுற்றி, எண்ணெய் நிரம்பிய இரும்புத் தொட்டியில் வைத்து, வாசனைக் கட்டைகளில் எரித்து, நாற்சந்தியில் தூபி எழுப்ப வேண்டும்.

ஊர்க்காரர்களான மல்லர்கள் ஆறு நாள் பாட்டும் பூவுமாக மரியாதை செய்து, ஏழாம் நாள் ஊர் நடுவே எடுத்துப் போனார்கள். சிதையில் தீ பிடிக்கவில்லை. மூத்த சீடர் மகாகாசியபர் வந்து சேரவில்லையே! அவர் பாவாவிலிருந்து வரும் வழியில், எதிரே வந்த ஒருவன் சொல்லித்தான் விஷயமே தெரிகிறது. கூட இருந்த ஒரு வயதான துறவி, நல்லதாய்ப் போயிற்று, இனி இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்ல ஆளில்லை என்றாராம். கண்டிப்பான மேலதிகாரி மாற்றலாகிப் போன அன்று ஆபீசில் இந்தப் பேச்சை நாமும் கேட்டிருக்கிறோம். அதை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அது பெரிது. காசியபர் வந்து பாதத்தை வணங்கியதும் சிதை தானே பற்றிக்கொண்டது என்கிறது நூல்.

அடுத்தது பங்குத் தகராறு. மகத மன்னன் அஜாதசத்ரு, லிச்சவிகள், சாக்கியர் என்று ஏழு தரப்பார் எலும்பில் பங்கு கேட்டார்கள். எங்கள் மண்ணில் இறந்தார், தரமாட்டோம் என்றார்கள் குசிநாரா மல்லர்கள். சாஞ்சி தெற்குத் தோரணத்தில் இதை யானை, தேர்களோடு முற்றுகையாகவே செதுக்கியிருக்கிறார்கள். துரோணர் என்ற பிராமணர், பொறுமையைப் போதித்தவரின் எலும்புக்காகச் சண்டையா என்று கேட்டு, மல்லர்களையும் சேர்த்து எட்டுச் சம பங்காக்கினார். அளந்த பானையைத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். தாமதமாக வந்த மோரியர்களுக்குக் கரிதான் கிடைத்தது.

1898-ல் பிப்ராவாவில் பெப்பே என்ற ஆங்கிலேயர் தோண்டியெடுத்த பேழையைச் சாக்கியர் பங்கு என்று பலரும் கருதுகிறார்கள். அதோடு கிடைத்த ரத்தினங்களில் ஒரு பகுதி அவர் குடும்பத்திடமே இருந்தது. 2025-ல் அவை ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தன. இந்திய அரசு ஆட்சேபித்ததால் ஏலம் நின்று, அதே ஆண்டு ஜூலையில் அவை இந்தியா வந்து சேர்ந்தன.