கம்மம்புல் பூந்தொட்டிக்குப் போன கதை

சங்கரன்கோவில்ல இருந்து பேசுறேன். தோட்டத்துல அழகுக்கு வளர்க்கிற கருத்த இலைப் புல்லைப் பத்தி இன்னிக்குப் பார்ப்போம். நர்சரியில கேட்டா "ஃபாரின் செடி"ன்னு சொல்லுவாங்க. ஆனா அதுல ரொம்பக் கருப்பா, ஊதா மின்னுற ஒண்ணு இருக்கு. 'பர்ப்பிள் மெஜஸ்டி'ன்னு பேரு. அது வேற எதுவும் இல்லை, நம்ம கம்பு.

நம்ம கரிசல்காட்டுல கம்பை 'கம்மம்புல்'னுதான் சொல்லுவாங்க. பேருலயே புல் இருக்கு. சுமார் 4,500 வருஷத்துக்கு முன்னால ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில பயிராக்கப்பட்ட புல் இது. 3,500 வருஷத்துக்கு முன்னாலேயே இந்தியாவுக்கு வந்துருச்சு. மழை தவறினாலும் ஏதோ கொஞ்சம் கருது தரும். அதனாலதான் மானாவாரி ஊர்கள்ல கூழும் சோறும் ஆச்சு.

அந்தக் கருப்பு எங்க இருந்து வருது? ஆந்தோசயனின் என்ற நிறமி. நாவல்பழத்துல இருக்கிறதும் அதுதான். இதை நம்ம ஊர்க்காரங்க கவனிக்காம இல்லை. கோயம்புத்தூர்ல சிறுதானிய ஆய்வுப் பிரிவில் இருந்த ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், சோளத்தின் இலையுறையிலும் உமியிலும் வர்ற ஊதா நிறம் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குதுன்னு சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1933-லேயே கட்டுரை எழுதினார். அன்னிக்கு அது அழகுக்கான கேள்வி இல்லை, பயிரோட மரபைப் புரிஞ்சுக்கிற வேலை.

அதுக்கப்புறம் கம்பு விதை கடல் தாண்டிப் போயிட்டும் வந்துட்டும் இருந்துச்சு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் டிஃப்டன்ல, கிளென் பர்ட்டன் ஆண்மலட்டுக் கம்பு ஒன்றை உருவாக்கினார். அதை வச்சு லூதியானாவுல தில்பாக் சிங் அத்வால் உருவாக்கிய ஹெச்.பி.-1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு 1965-ல் வெளியாச்சு. விளைச்சல் கூடுச்சு. ஆனா 1970-களின் தொடக்கத்துல அடிச்சாம்பல் நோய் இந்த வகை ஒட்டுக் கம்புகளைப் பெரிய அளவில் அடிச்சது.

இதே வழியில எதிர்த்திசையில ஒரு ஆள் போனார். ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல, இக்ரிசாட் நிறுவனத்துல கம்பு ஆய்வு செஞ்ச டேவிட் ஆண்ட்ரூஸ், பிறகு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்க உருவானதுதான் பர்ப்பிள் மெஜஸ்டி. 2003-ல் அமெரிக்கத் தோட்டச் செடிகளுக்கான 'ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்' தங்கப் பதக்கம் அதுக்குக் கிடைச்சது.

இதுல எனக்குப் படுறது இதுதான். கருதை நம்பி வாழ்ந்தவங்க கண்ணு கருது மேலதான் இருக்கும். கம்பு சாப்பாட்டுத் தட்டுக்கு வராத ஊர்லதான் இலையை மட்டும் பார்க்க முடியும். அதுல தப்பு இல்லை. ஆனா அந்த இலை திரும்பி நம்ம கடைக்கு வரும்போது கம்பு என்கிற பேரே அதுல இல்லை. நம்ம காட்டுப் பயிரையே அந்நியச் செடின்னு காசு குடுத்து வாங்குறோம்.

வளர்க்க நினைக்கிறவங்களுக்கு மூணு விஷயம்.

முதல்ல, முளைக்கும்போது இது பச்சையாத்தான் இருக்கும். நல்ல வெயில் பட்டாத்தான் கருக்கும். நிழல்ல வச்சா ஏமாத்திரும். கரிசல் மண்ணுல தண்ணி தேங்காம பார்த்துக்கணும்.

ரெண்டாவது, இது ஒட்டு ரகம். கம்பு அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். விதை எடுத்து மறுபடி போட்டா எல்லாம் ஒரே மாதிரி வராது. நாட்டுக் கம்பு விதை காக்குற புஞ்சை பக்கத்துல இருந்தா, ரெண்டும் கலந்துரும். அங்க இதை வைக்காதீங்க.

மூணாவது, ஃபவுண்டன் கிராஸ். இது கம்புக்கும் நம்ம கொழுக்கட்டைப் புல்லுக்கும் சொந்தம். இதுல ஊதா ரகம் அதிகமா விதை பிடிக்காது. பச்சை ரகம் அப்படி இல்லை. ஹவாய் தீவுகள்ல காடாப் பரவி, தீப்பிடிக்கக் காரணமாகுது. சீமைக்கருவேலத்தைப் பார்த்த நமக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்லை.

கருது முத்தின பிறகு வெட்டிராதீங்க, குருவி வரும். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கம்மம்புல் விதைச்ச கதை இருந்தா கேட்டு, பதிவு பண்ணி அனுப்புங்க.